சலித்து வைத்த சிலந்திகள்

சிலந்திக்கும் குளிரும் என்பது எனக்குக் கல்யாணமாகி, உங்களில் மூத்தவள் பிறந்து, தேயிலை விலையும் விழுந்த பிறகுதான் தெரியவந்தது. அதுவரை எனக்கும் சிலந்திக்கும் விளக்குமாறு வழியாகத்தான் பழக்கம்.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அக்கா ஒன்றாம் வகுப்பு, தம்பி அம்மாவின் இடுப்பு. நாம் ஏன் குன்னூரை விட்டு வந்தோம் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன், இரண்டு பேரும் சிரிப்போம். அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை பேக்டரியில் நான் டிரையர் ஆள். அறுத்துப் புளிக்கவைத்த இலை ஈரத்தோடு அதற்குள் போய், கறுப்பாக, மணமாக வெளியே வரும். அதற்குச் சூடு பார்ப்பது என் வேலை. கூடினால் தூள் கருகும், குறைந்தால் மூட்டையிலேயே பூத்துப்போகும். உங்கள் அம்மா அடுத்த அறையில், சார்ட்டிங்கில். காய்ந்த தூளைச் சல்லடை சல்லடையாக இறக்கி, பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரிக்கிற இடம் அது. அந்த இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. நீங்கள் பிறந்ததற்கு அந்தக் கதவும் ஒரு காரணம்.

பிறகு பச்சை இலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இலை வராமல் பேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. அப்புறம் எப்போதாவது ஓடியது. கடைசியில் வாட்ச்மேன் மட்டும் வந்து போனார். எங்கள் வரிசையில் பாதி வீட்டுக்குப் பூட்டு. எல்லோரும் திருப்பூர் போய்விட்டார்கள். உங்கள் சித்தப்பா அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து, பக்கத்துக் கடை போனுக்கு அடிக்கடி கூப்பிடுவான்.

"இங்க எடம் இருக்குதுண்ணா. வந்து சேரு. அங்க உக்காந்து பனியையா குடிக்கப்போற?"

எனக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. அம்மா அசையவில்லை. அவள் பிறந்தது பந்தலூர்ப் பக்கம். அவளைப் பெற்றவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

"ஒருக்கா பெட்டியத் தூக்குனவங்க வயித்துல பொறந்தவ நான்," என்றாள். "இன்னொருக்காத் தூக்கச் சொல்லாதீங்க. மலையிலயே என்னா வேலை கெடச்சாலும் பாருங்க."

அப்படிப் பார்த்ததில் கிடைத்ததுதான் சாரின் வேலை.

சார் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வழியில் வந்த பழைய பங்களாவில் தனியாக இருந்தார். கொஞ்சம் தேயிலையும் இருந்தது, அது பறிக்க ஆளில்லாமல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. நான் போய் நின்றதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சூடு பாக்கத் தெரியுமா?"

"டிரையர்ல நின்னவனுங்க சார்."

"அவ்வளவு சூடு வேண்டாம். நம்ம உடம்புக்கு இதமா இருந்தாப் போதும். ராத்திரி பகல் ஒரே மாதிரி இருக்கணும்."

"கோழிக்குஞ்சுங்களா?"

"கிட்டத்தட்ட," என்றார்.

பின்னறைக் கதவைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மங்கலான பல்பு. உள்ளே என் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, உடம்பெல்லாம் மயிர், எட்டுக் காலையும் பரப்பி உட்கார்ந்திருந்தது. டாரன்டுலா என்றார். நான் வாசற்படிக்கு வந்துவிட்டேன்.

"நெருப்புக்கிட்ட நின்னவன், இதுக்கு என்ன?"

"நெருப்பு நடந்து வராதுங்களே சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. அரை நாள் வேலை, அரைச் சம்பளம். போகப் போகப் பார்க்கலாம் என்றார்.

போகப் போக எனக்கே பிடித்துவிட்டது. சிலந்தி சத்தம் போடாது, சம்பள உயர்வு கேட்காது, வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடும். அதற்கான புழுவைக் கோதுமைத் தவிட்டில் வளர்ப்பதை உங்கள் அம்மா ஏற்றுக்கொண்டாள். பெட்டிகளிலேயே சாருக்குச் செல்லமானது ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காக் காட்டுச் சாதி. அதன் நீள முடி நுனியில் சுருண்டு சுருண்டு, எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை தலை மாதிரி இருக்கும். சுருட்டை என்றே நாங்கள் சொன்னோம். அதே சாதியில் ஒரு ஆணைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டு, அது முட்டையிடுவதற்காக சார் காத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் இன்னொரு பெண் சிலந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். இதுவும் சுருட்டை என்றார். அவர் போனதும் சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சுருள் கம்மியா இருக்குப்பா. பின்பக்கம் பாரு, செம்பட்டையா நீள முடி. இது கலப்பு."

சுருட்டைக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டாம். கறுப்பு உடம்பு, பின்பக்கம் சிவந்த முடி. காட்டில் அது வேறு இடம், இது வேறு இடம். மனுஷன் இரண்டையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து பெட்டி மாற்றி வைத்துவிட்டால் சேர்ந்துகொள்ளும், குட்டியும் பிழைக்கும். யாரோ எப்போதோ அப்படிச் செய்ததன் வாரிசு இது.

எனக்கு அதில் என்ன குற்றம் என்று புரியவில்லை. "கலந்தா நல்லதுதானுங்களே சார்? ரெண்டு மூணு தோட்டத்து எலை சேந்தாத்தான டீயில நெறமும் வரும், மணமும் வரும்?"

"டீயக் கலந்தா குடிச்சுட்டுப் போயிடுவோம். இது குட்டி போடுமப்பா. அதை இன்னொருத்தன் சுத்தம்னு நம்பி, சுத்தமானதோட சேப்பான். அந்தக் குட்டிய இன்னொருத்தன். நாலு கை மாறினா, அசல் சுருட்டைன்னு ஒண்ணு நம்ம யார் பெட்டியிலயும் மிஞ்சாது. அப்புறம் அசல் வேணும்னா காட்டுல இருக்கறதைத்தான் மறுபடியும் போய்ப் புடிப்பானுங்க."

"பாத்தா வித்தியாசம் தெரியுதுங்களே. முடியப் பாத்துக் கழிச்சுரலாமில்லைங்க?"

"இதுல தெரியுது. எல்லாத்துலயும் தெரியாது. சுத்தமானதுலயே சுருள் கம்மியா ஒண்ணு வரும். கலப்புல ஒண்ணு அச்சு அசலா சுருட்டையா வந்து நிக்கும். அப்பன் ஆத்தா யாருன்னு தெரிஞ்சாத்தான் சுத்தம். கண்ணுல பாத்துச் சொல்றதெல்லாம் சும்மா."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சார் அன்றைக்கே சொன்னார். நாங்கள்தான், அவரும் சேர்த்து, பிறகு மறந்துபோனோம்.

மழைக்காலம் தொடங்கும்போது சுருட்டை முட்டையிட்டது. நூலால் நெய்த வெள்ளைப் பை, எலுமிச்சம்பழம் அளவு, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே திரிந்தது. இரண்டு நாள் கழித்து, யாரும் கேட்காமலே, பெங்களூர்க்காரியும் ஒரு பை நெய்துவிட்டது. வரும்போதே சினையாக வந்திருக்கிறது.

சிலந்தி வளர்க்கிறவர்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. கலப்பு முட்டை என்று தெரிந்தால் பையை எடுத்து பிரிட்ஜில் உறைய வைத்துவிட வேண்டும். யார் கைக்கும் போகக் கூடாது. சார் பையை எடுத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தார். தயிர்க் கிண்ணத்தை நகர்த்தினார். கையிலிருந்த பையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே வைத்து மூடிவிட்டார்.

"தயிருக்கு எடம் வேணும்," என்றார்.

ஆக இரண்டு பையும் பொரிந்தன. நகத்துணுக்கு அளவில் வெளிறிய குஞ்சுகள், பின்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால், போட்டோ ஸ்டுடியோக்களில் தூக்கிப்போடும் வெள்ளை பிலிம் டப்பாக்களைக் கேட்டு வாங்கிவந்து, மூடியில் ஊசியால் துளை போட்டு, ஒன்றுக்கு ஒன்றாக விட்டோம். சுருட்டையின் பிள்ளைகள் நீலத் தட்டில். பெங்களூர்க்காரியின் பிள்ளைகள் சிவப்புத் தட்டில். நீலம் வெளியே கொடுக்க. சிவப்பு இந்த வீட்டை விட்டுப் போகவே போகாது.

கோயம்புத்தூரில் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி, நீலத் தட்டு முழுவதையும் கொஞ்சம் வளர்ந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "அது போச்சுன்னா, பின்பக்கம் இன்னும் ரெண்டு ரூம் சூடு பண்ணிப் பெட்டி போடலாம். அப்புறம் உனக்கு முழு வேலை," என்றார் சார். நான் உங்கள் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, திருப்பூர் இப்போதைக்கு இல்லை என்றேன். அம்மா அன்று பாயசம் வைத்தாள். சிலந்திக்காகப் பாயசம் வைத்த குடும்பம் மலையில் நம்முடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

கார்த்திகையில் பெரிய மழை வந்தது. கம்பங்கள் சாய்ந்து எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் போனது. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, சாக்கில் சுற்றிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன். ஒரு நாள் சமாளித்தேன். அடுத்த நாளும் கரண்ட் வரும் வழியாக இல்லை.

பர்லியாரில் என் அக்கா வீடு இருந்தது. கீழே இறங்கிவிட்டால் அங்கே குளிர் கிடையாது, பலாவும் மங்குஸ்தானும் காய்க்கிற ஊர். பெரிய சிலந்திகளை அங்கே கொண்டுபோவது என்று முடிவானது. குஞ்சுகள் அத்தனை டப்பாவையும் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போக முடியாது. அவற்றை நம் வீட்டுச் சமையலறையில், விறகடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தோம். பொறுப்பு உங்கள் அம்மா.

"அணையாம பாத்துக்க. தின்னக் குடு. அவ்வளவுதான்," என்றேன் நான்.

சாரும் நானும் ஆளுக்கொரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். பக்கத்து சீட்டு அம்மாவுக்குக் கூடையின் மேல் கண்.

"ஏனுங்க, கோழிங்களா?"

"இல்லீங்க. குளிர் ஆகாத சாதிங்க."

"அட பாவமே. அதுக்கு ஏனுங்க இப்படித் தொறந்தாப்புல வெச்சிருக்கறீங்க?" என்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கூடையைச் சுற்றி இழுத்துப் போர்த்தினார். அப்புறம் பர்லியார் வரும்வரை, வளைவு வந்தபோதெல்லாம், ஒரு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது சார் அவரிடம் துண்டைத் திருப்பிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே என்ன என்று கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை. அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

போனோம், வைத்தோம், அன்றே திரும்பிவிடலாம் என்றிருந்தோம். அதற்குள் மேலே மண் சரிந்து ரோட்டில் மரமும் விழுந்து பஸ் நின்றுவிட்டது. சார் என் அக்கா வீட்டில் தங்கி, ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே சிலந்திகளை வைத்துவிட்டு, கேட்டு வாங்கி இரண்டு வேளையும் புட்டு சாப்பிட்டார். ரோடு திறந்த பிறகுதான் திரும்பினோம்.

அம்மா வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஒண்ணுகூடச் சாகல சார். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டப்பாக்கள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஆனால் நீலத் தட்டில் இருந்ததெல்லாம் பெரிய குஞ்சு. சிவப்புத் தட்டில் எல்லாம் பொடி. நடுவில் நம் வீட்டு முறத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டம்.

"இது என்னம்மா?" என்றார் சார்.

"சார்ட் பண்ணி வச்சேன் சார். பெருசு, நடு, பொடி. பெருசுக்கு முழுப் புழு, நடுவுக்குப் பாதி, பொடிக்கு நசுக்கிக் குடுக்கணும். எல்லாம் ஒண்ணாக் கெடந்தா எதுக்கு எவ்வளவுன்னு தெரியல. ராப்பகலா பேக்டரியில செஞ்ச வேலதான, ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டேன்."

யோசித்தால் அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. சார்ட்டிங் அறைக்கு வருகிற தூளில் எந்தத் தோட்டத்து இலை எது என்று யாரும் கேட்பதில்லை. சல்லடையில் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் பெயர். சிலந்தியையும் தேயிலைக்காரி தேயிலையாகத்தான் பார்த்தாள்.

சார் அரிசிப் பானை மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ புரிந்தது.

"நீலத்தட்டு, செவப்புத்தட்டுன்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு எனக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்றாள்.

"சொல்லலம்மா," என்றார் சார். "டப்பாவுல எழுதவும் இல்ல. தட்டு நிறத்தை நம்பினேன் பாரு, நான்தான் மடையன். கொஞ்சம் டீ குடும்மா."

டீயைக் குடித்து முடித்து, "வளரட்டும். முடி வந்தாப் பாத்துக்கலாம்," என்றார். கண்ணால் பார்த்துச் சொல்வது சும்மா என்று சொன்ன அதே வாய்தான். என்ன செய்வது, எல்லோருக்கும் அப்போது அப்படி நம்ப வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நம் வீட்டில் ஒரே பேச்சுதான். கரண்ட் வந்ததும் பெரியவற்றோடு குஞ்சுகளும் பங்களாவுக்குத் திரும்பின. தோல் உரித்து உரித்து வளர்ந்தன, பிலிம் டப்பா பற்றாமல் ஊறுகாய் டப்பாவுக்கு மாறின. அம்மா தினமும் வந்து பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். இது சுருட்டை, இது சந்தேகம், இதுக்கு வாயில் மட்டும் சுருள் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு. நானும் என் பங்குக்குத் தீர்ப்பு. இரண்டு தீர்ப்பும் ஒத்துப்போன நாள் வீட்டில் அமைதி.

ஒருமுறை உங்களில் மூத்தவள் கேட்டாள், "அம்மா, நான் சுத்தமா கலப்பா?" அவள் வீட்டைக் காலையில் என்னோடு பேசும்போது ஊடு என்பாள், சாயங்காலம் அம்மாவோடு பேசும்போது லயம் என்பாள். "நீ நல்லாக் கொதிச்ச டீடி," என்றாள் அம்மா. "ஒன்னய யாரும் பிரிக்க முடியாது. போய்ப் படி."

ஆனால் சிலந்திகள் எங்களை ஏமாற்றிக்கொண்டே இருந்தன. கலப்பு என்று நான் சத்தியம் செய்த ஒன்று தோல் உரித்துக்கொண்டு வந்து நின்றால் சுருள் சுருளாக ராணி மாதிரி இருக்கும். அசல் சுருட்டை என்று அம்மா தனியாக எடுத்து வைத்தது, உரிக்கும் நாள் நெருங்க நெருங்க முடி தேய்ந்து, வெளிறி, பெங்களூர்க்காரிக்குத் தங்கை மாதிரி ஆகும். அதே பூச்சிதான். நாள்தான் வேறு.

வியாபாரி காரில் வந்து இறங்கினார். சின்ன வயசு, கலகலப்பான ஆள். டப்பாக்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாமே சுருட்டைதானுங்களே சார். அத்தனையும் நானே எடுத்துக்கறேன்," என்றார்.

சார் நடந்ததைச் சொன்னார். வியாபாரி தலையைச் சொறிந்தார்.

"உங்ககிட்ட வாங்குனா சுத்தம்னு சனம் நம்புது. அந்தப் பேருக்குத்தானுங்க விலையே. சரி, பிரிச்சுக் குடுத்துருங்க." என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, நீங்கதான தெனம் பாக்கறீங்க? நீங்க கை காட்டி இது சுத்தம்னு சொன்னா எனக்கு அது போதுமுங்ணா. ரெண்டு நாள்ல திரும்ப வர்றேன்."

அவர் போனதும் சார் என்னைப் பார்த்தார். "அவன் சொன்னது சரிதான். என்னைவிட நீதான் பாக்கற. நீ பிரிச்சா நான் கையெழுத்துப் போடறேன். உன் வேலையும் இதுலதான் இருக்கு, தெரியும். முடியாதுன்னாலும் ஒண்ணும் இல்ல."

முடியாது என்றால் திருப்பூர். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாள் காலையில் பிரிக்க உட்கார்ந்தேன். கை நன்றாக ஓடியது. இது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். பாதி முடிந்ததும் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் பேக்டரியில் டீமேக்கர் செய்கிற ஒரு வேலை ஞாபகம் வந்தது. டீயை ருசி பார்த்துச் சொல்கிற ஆள் வரும்போது, வரிசையில் ஒரே டீயை இரண்டு கப்பில் தள்ளித் தள்ளி வைத்துவிடுவார். ஒரே டீக்கு அந்த ஆள் இரண்டு விதமாகச் சொன்னால், அன்றைக்கு அவர் நாக்குச் சரியில்லை, சொன்னதெல்லாம் தள்ளுபடி.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் அடியில், நான் பார்க்காதபடி, நான் சொன்னதைச் சோற்றுப் பசையில் ஒட்டச் சொன்னேன். சுத்தத்துக்கு வெள்ளைக் காகிதம், கலப்புக்குப் பழுப்புக் காகிதம். முழுக்க முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்து வைக்கச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து, முதலிலிருந்து மறுபடியும் பிரித்தேன்.

அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"இது காலையில சுத்தம், இப்பயும் சுத்தம். இதுவும் சரி. இது காலையில சுத்தம், இப்பக் கலப்பு. இது காலையில கலப்பு, இப்பச் சுத்தம். இதும் அப்படித்தான். என்னாங்க, நாம சாப்புடப் போன நேரத்துல இதுகளுக்கு வேற அப்பன் வந்துட்டானா?"

அறை வாசலில் நின்ற சார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு தடவையும் சுத்தம்னு வந்தத மட்டும் குடுத்துட்டா என்னா?"

எனக்கும் அதே நினைப்புதான். நல்ல சுருளாகப் பார்த்து நாற்பது ஐம்பது தேறும். வேலை நிற்கும். ஆனால் அந்த டப்பாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எல்லாம் அப்போதுதான் தோல் உரித்தவை. என் கண்ணுக்குப் புதுமுடி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் பெங்களூர்க்காரி பிள்ளை எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

"நல்லா இருக்கறது எதுன்னு சொல்லீரலாம்," என்றேன். "எது யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியல."

அம்மா கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "எத்தன வருசம் சலிச்சிருக்கேன்," என்றாள். "சல்லடைக்கு ஓட்ட அளவுதான் தெரியும். எலை எங்க பறிச்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அவர்கிட்ட இல்லைன்னே சொல்லிருங்க."

வியாபாரி சொன்னபடி வந்தார். சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை.

"சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்ணா. யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"யாரும் கேக்கமாட்டாங்க. நம்பி ஜோடி சேத்துருவாங்க. அதானுங்க."

"அது அவிங்க பாடு."

"அப்படின்னா நீங்களே பிரிச்சு எடுத்துட்டு, நீங்களே சொல்லிக்குங்க. நான் சொல்ல முடியாதுங்க."

அதற்கு அவரும் தயாராக இல்லை. கலப்பு இருக்கலாம் என்று எழுதித்தான் கொடுப்பேன் என்றார் சார். அப்படி எழுதினதை எவன் வாங்குவான் என்றார் வியாபாரி. கோபம் ஒன்றும் இல்லை. டீ குடித்தார், அந்தத் தூள் எங்கே வாங்குவது என்று விசாரித்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சார் பல்புகளைப் பாதியாகக் குறைத்தார். பறிக்காத தேயிலையை வைத்துக்கொண்டு அத்தனை பல்புக்கும் எனக்கும் சேர்த்துச் செலவு செய்ய அவரால் முடியாது, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் உங்கள் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நான் மட்டும் முதலில் போகிறேன், மாசம் ஒரு தடவை வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் என்னோடு பங்களாவுக்கு வந்தாள்.

"சார், திருப்பூர்ல இதுகளுக்கு பல்பு வேணுமா?"

"திருப்பூர்லயா? அங்க நமக்கே ஐஸ்கட்டி வேணும்மா."

"அப்ப இதுகள நாங்க எடுத்துட்டுப் போறோம். இங்க இருந்தா குளிருல போயிரும். நானும் பிள்ளைகளும் இவரோடயே போறோம். இவருக்குத் தனியாப் புழு வளக்கத் தெரியாது."

சார் எழுந்து உள்ளே போய், ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் அவருடைய நண்பர்கள், வெறுமனே வளர்க்கிறோம், ஜோடி சேர்க்க மாட்டோம் என்று சத்தியம் செய்து வாங்கிக்கொண்டார்கள். மீதி நாற்பது போல நம் பங்கு. ஒவ்வொரு டப்பாவிலும், இந்தத் தடவை மூடியில் இல்லாமல், தட்டை நம்பாமல், டப்பாவின் உடம்பிலேயே எழுதினார்: தாய் எது என்று தெரியாது, இனம் சேர்க்கக் கூடாது. சுருட்டையும் பெங்களூர்க்காரியும் அவரோடே இருந்தார்கள்.

திருப்பூரில் வீடு தேடி அலைந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. நீங்கள் இருவரும் வெயிலில் சிவந்துபோய் ஆளுக்கொரு பக்கம் சிணுங்கிக்கொண்டு வந்தீர்கள். முதல் வீட்டில் அந்த அம்மா அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவது வீட்டில் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துபோயிருந்தது. மூன்றாவது ஒரு மாடி வீடு. வீட்டுக்கார அக்கா கீழேயே நின்று எங்களை எண்ணினார்.

"நாலு பேரு. சரி. அந்தப் பெட்டிக்குள்ள என்னங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "சிலந்திங்கக்கா. பெருசு. கலப்பா சுத்தமான்னு எங்களுக்கே தெரியாது. குட்டி போடாது, நாங்க விடமாட்டோம். வெளிய வராது. சத்தம் போடாது."

அக்கா ஒரு டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்தது மெதுவாக ஒரு காலை நகர்த்தியது. நான் அடுத்த தெருவில் பார்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"இது கரப்பான் திங்குமா?" என்று கேட்டார் அக்கா.

"இஷ்டமாத் திங்கும்," என்றாள் அம்மா.

"மேல போய் வீட்டப் பாருங்க," என்றார் அக்கா. "சாவி ஆணியில தொங்குது."